பின்னாலிருந்து சொல்லுங்கள்

"நீங்க முதல்ல பேசி முடிங்க மாமா, நான் அப்புறமா..."

"எங்க விடற? வாயத் தொறந்தாலே அடுத்த கேள்வி..."

"சரி, நான் கேக்கல. நீங்களே சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? நேத்து எழுந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். கைது பண்ணணும்னா பண்ணிக்கோ, ஏட்டம்மா."

தலைமைக் காவலராகப் பதவி உயர்வு வந்த நாளில் தெருவே அவளை ஏட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. மாமனாரும் சேர்ந்துகொண்டார். கோபம் வந்தாலும் அதுதான், செல்லம் வந்தாலும் அதுதான். இருவருக்கும் நடுவில், சாப்பாட்டு மேசைமேல், தீப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி கிடந்தது. அதன் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல்.

வெளிநாட்டு உதவியில் காவலர்களுக்கு நடக்கிற ஒரு பயிற்சியில் கொடுத்தது அது. கருவிகளைக் கொடுத்ததோடு நிற்காமல், எப்படி விசாரிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் அனுப்பியிருந்தார்கள். நெட்டையான மனிதர், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். மிரட்டக் கூடாது, பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் பாடம். அவர் அப்படிச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பின்வரிசை எஸ்.ஐ. ஒருவர் முந்தின நாள் மதியம் வகுப்பிலிருந்து நழுவியதைத் தானாகவே ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அந்த நெட்டை மனிதருக்கு மௌனச்சாமி என்று பெயர்.

ஏட்டம்மாவுக்குத்தான் மௌனம் வரவில்லை. எதிராளி மூச்சு விடுவதற்குள் நாலு கேள்வி கேட்டுப் பழகிய வாய். நாளைக்குக் கடைசி நாள். வீட்டில் ஒருவரிடம் நேற்றைய பொழுதை முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை கேட்டுப் பதிவு செய்து, வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் குழந்தைகளை விசாரிக்கப் புதிதாகத் தொடங்கும் பிரிவில் வேலை. ஒரு அறை, ஒரு நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி. தேறாவிட்டால் பழையபடி பந்தோபஸ்து, கூட்டம் கலைகிற வரைக்கும் வெயிலில் நிற்பது. கணவன் தொலைதூர லாரி ஓட்டப் போயிருந்தான், திரும்ப அடுத்த வாரம் ஆகும். பேட்டிக்கு ஆள் என்று பார்த்தால் மாமனார்தான் இருந்தார்.

"கோபப்படாதீங்க மாமா. நான் வாயே தொறக்கல, பாருங்க."

அவர் ஒருவழியாக ஆரம்பித்தார். காலையில் பேப்பர் படித்தது, ஒழுகுகிற குழாயை இறுக்கியது, சாப்பிட்டுப் படுத்தது, பேத்தி பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தது, சாப்பாடு, தூக்கம். தண்ணீர் ஓடுகிற மாதிரி சொல்லி முடித்தார்.

"இப்ப அதையே பின்னாலேருந்து சொல்லுங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்கிட்ட ரிவர்ஸ் எடுக்கச் சொல்றியா?" சிரித்துக்கொண்டார். "தூங்கினேன். அதுக்கு முன்னாடி நியூஸ் பாத்தேன். அதுக்கு முன்னாடி, ஷூவெல்லாம் சேறுன்னு பாப்பாவ நீ திட்டின. அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தோம். அதுக்கு முன்னாடி..."

நின்றுவிட்டார். அடுத்த கேள்வி அவள் நாக்கின் நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே பாப்பா தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டு படம் வரைவது கேட்டது. மாமனார் மேசையில் இல்லாத தூசியை விரலால் தள்ளினார்.

"ஸ்கூல்ல லேட்டா விட்டாங்க," என்றார்.

நேற்றும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார், இதே ராகத்தில். ஆனால் நேற்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, பாப்பாவோடு படிக்கிற எதிர்வீட்டுப் பெண் உடைமாற்றி, தின்று முடித்து, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்கும் பிறகுதான் இவர்கள் இருவரும் வந்தார்கள். அப்போது தோன்றாதது இப்போது சுருக்கென்று தைத்தது. ஸ்டேஷன் புத்தி முழித்துக்கொண்டது.

"பொய் சொல்றீங்க மாமா. டெப்போ பின்னாடி சீட்டாடப் போனீங்க. உங்க பையன்கிட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, குழந்தைய வேற கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிருக்கீங்க."

"ஆமா," என்றார் அவர் உடனே. "சீட்டாடத்தான் போனேன். தப்புதான்."

அவர் முகத்தில் அவமானம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி. தோள் இரண்டும் இறங்கின. நாற்காலியில் சாய்ந்தும் கொண்டார். நீங்கள் எடுத்துக் கொடுத்த பதிலை ஒருவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டால் அங்கே பயப்படுங்கள் என்று மௌனச்சாமி சொன்னதும், வகுப்பு மொத்தமும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. சிரித்ததில் அவளும் ஒருத்தி. சீட்டாட்டத்தைவிடப் பெரிதாக என்ன இருக்க முடியும், இவர் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்வதற்கு?

குரலை இறக்கினாள். "யார் யார் இருந்தாங்க, மாமா?"

பிறகு காத்திருந்தாள். பரீட்சைக்காக அல்ல.

"ஸ்கூல்லேருந்து வர்றப்ப பெட்ரோல் பங்க் வரைக்கும் தெரியுதும்மா," என்றார். ஏட்டம்மா இல்லை, அம்மா. "அதுக்கப்புறம் ரோடு இருக்கு. எந்த ரோடுன்னுதான் தெரியல. நான் பஸ் ஓட்டின ரோடுதான் அது. யாரோ பேர அழிச்சுட்ட மாதிரி இருந்துச்சு."

அவள் குறுக்கே கேள்வி போடவில்லை.

"பாப்பாகிட்ட விளையாட்டுன்னு சொல்லிட்டேன். நீதான் டிரைவர், தாத்தா பாசெஞ்சர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ பாக்கலாம்னு. அது பாவம், ரெண்டு எடத்துல தப்பாத் திரும்பிடுச்சு. லாரி போற ரோட்டுல, ஓரமாச் சேத்துல நடந்தோம். கைய விடாமப் புடிச்சுக்கிட்டு வந்தா. அவ புடிச்சுக்கிட்டா, நான் இல்ல."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். சொல்லல பாரு. திட்டு வாங்கிக்கிட்டா."

ஏட்டம்மா கருவியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். இதுவரைக்கும் அவள் எடுத்ததிலேயே சரியான பேட்டி இதுதான். அழித்தால் நாளைக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. கொண்டுபோய்த் தேறினால், அந்த அறையும் நாற்காலியும் கிடைக்கிற வேலையில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எழுந்து வர யாரும் விடப்போவதில்லை. நேற்று ஒருநாள்தானா, இதற்கு முன்னாலும் உண்டா? விரல் பொத்தானின்மேல் இருந்தது, அழுத்தவில்லை. உள்ளே பாட்டு நின்று, பென்சில் சீவுகிற சத்தம் கேட்டது.

மாமனார் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். அதன் முதுகைப் பிடித்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கும் பாப்பாவக் கூட்டிட்டு வர நான்தானே போகணும்?"