யதுஷாவின் அற்றோர்னி

பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படுகிற மாதங்களில் என் அலுவலகத்தில் நாற்காலி போதாது. நான் நொத்தாரிசு, உறுதியும் பத்திரமும் எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவள். கொழும்பு வெள்ளவத்தை, காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடி. பதினெட்டு முடிந்த பிள்ளையைச் சட்டம் பெரிய ஆளாகப் பார்க்கிறது. தாய் தகப்பனோ சூட்கேஸைக்கூட அது தன் கையால் அடைக்க விடுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

வழக்கமாக மூன்று தாள். பிள்ளை இல்லாத நேரம் அதன் பெயரால் இங்கே கையெழுத்து வைக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கிற அற்றோர்னித் தத்துவம் ஒன்று. பிள்ளைக்கு வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரி யாரோடு கதைக்கலாம் என்கிற கடிதம் ஒன்று. பரீட்சைப் பெறுபேற்றைப் பெற்றோருக்குச் சொல்லச் சம்மதிக்கிற கடிதம் ஒன்று. கடைசித் தாளில் தகப்பன்மாருக்கு ஒரு தனி ஆசை.

தியாகராசா வரும்போதே அற்றோர்னித் தத்துவத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இப்படித்தான். பின்னால் மனைவி கனகேஸ்வரி, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்கும் பின்னால் மகள் யதுஷா, அடுத்த கிழமை மெல்பேர்னுக்குப் போகிறவள்.

"மிஸ், அஞ்சு நிமிச வேலை. பிள்ளை சைன் வைச்சால் சரி" என்றார்.

வாசித்தேன். மகளின் பெயரில் உள்ள தொடர்மாடி வீட்டை விற்க, ஈடு வைக்க, எல்லாவற்றுக்கும் தகப்பனுக்கு முழு அதிகாரம்.

வீடு எப்படி மகளின் பெயரில் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை எனக்குத் தெரியும். பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே சீதனத்துக்கென்று எழுதிவிடுவார்கள். புத்தியுள்ளவர்கள், தாங்கள் சாகும்வரை தங்களுக்கே என்று சீவிய உருத்தை வைத்துக்கொள்வார்கள். ஃபைலில் இருந்த வீட்டு உறுதிப் பத்திரத்தைப் புரட்டினேன். அது இல்லை.

"சீவிய உருத்து வைக்கேல்லையோ?"

"அதை வைச்சால் மாப்பிள்ளை பகுதி முகம் சுழிக்கும் மிஸ். சீதனமெண்டால் கிளீனா இருக்கோணும்."

மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. வீடு போய்விட்டது. அதைத்தான் இப்போது திருப்பிக் கேட்கிறார். நகரத்துக்கு வெளியே வத்தளையில் வளவோடு ஒரு வீடு பார்த்திருக்கிறாராம், கார் விட இடம் இருக்கிறதாம். இந்த வீட்டை வாங்கவும் ஆள் தயாராம்.

"உங்களுக்கு அந்த வீடு பிடிச்சிருக்கோ?" என்று கனகேஸ்வரியைக் கேட்டேன்.

"இவருக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அவர். பிறகு, கேட்காமலே, "நான் இப்ப இருக்கிற வீட்டு ஹோலிலதான் கணிதம் படிப்பிக்கிறனான். பிள்ளையள் நடந்து வருகுதுகள். வத்தளைக்கு ஆர் வரப்போகினம்?" என்றார்.

"அங்கயும் பிள்ளையள் இருக்குதுகள்தானே" என்றார் தியாகராசா. இந்தப் பதிலை அவர் முன்பும் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். கனகேஸ்வரி ஃபைலின் கிளிப்பைத் திறந்து மூடினார்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து வைக்கிறவரைத் தனியாக வைத்துத்தான் தாளை விளங்கப்படுத்துவேன். பெற்றோருக்கு அது பிடிக்காது, எனக்கு அதில் கவலையும் இல்லை. இரண்டு பேரையும் என் கிளார்க் பிறிஜெற்றோடு வெளியே அனுப்பினேன். மற்றப் பிள்ளைகள் இந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். யதுஷா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதில சைன் வைச்சால், நாளைக்கே அப்பா வீட்டை விக்கலாம். விளங்குதா?"

"ஓம் மிஸ். அதுக்குத்தானே கேக்கிறார்."

"நீங்க வைக்கத்தான் வேணுமெண்டு இல்ல."

"வைக்காட்டி அம்மாவுக்குத்தான் ஏச்சு விழும். நான் போயிருவன், அவதானே அந்த வீட்டுக்குள்ள இருக்கோணும்." கொஞ்சம் யோசித்தாள். "இந்தப் பவரை அப்பாவுக்குத்தான் குடுக்கோணுமோ?"

"நீங்க நம்புற ஆருக்கும் குடுக்கலாம்."

"அப்ப அம்மாவுக்கு எழுதுங்கோ."

என் வேலையில் பெருமூச்சு விடக்கூடாது. விட்டேன். "அதுக்கும் அம்மாவுக்கு ஏச்சு விழுமே, மகள்?"

"விழும். ஆனா அப்ப முடிவு அவவின்ர கையில இருக்கும்."

பெறுபேற்றுக் கடிதத்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் யாருடைய பெயர் என்று கேட்டபோது உடனே பதில் வந்தது.

"அப்பாவின்ர. எனக்கு ஒண்டெண்டா அம்மா அழுவா. அப்பாதான் டொக்டரைப் பிடிச்சுக் கேள்வி கேப்பார்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. வேலையில் எனக்கு அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

புதுத் தாள் அடித்து முடிய அவர்களை உள்ளே கூப்பிட்டேன். சாட்சிக்குப் பிறிஜெற், கீழே புடவைக்கடைக்குப் பக்கத்தில் ஃபோட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் ரொஷான். தியாகராசா முதல் பந்தியை வாசித்துவிட்டு மகளைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அடி வாங்கிய முகம்.

"என்னில நம்பிக்கை இல்லையோ, யது?"

யதுஷா ஆஸ்பத்திரிக் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இதில உங்கட பேர்தான் அப்பா."

அதையும் வாசித்தார். வாசித்து முடித்தபிறகும் கையில் வைத்திருந்தார். பிறகு அவருக்குள் இருந்த வங்கி மனேஜர் விழித்துக்கொண்டார்.

"மிஸ், இது செல்லாது. என்ர மனுசி கலியாணம் கட்டின பொம்பிளை. தேசவழமைச் சட்டம் இருக்கு. புருசன்ர சம்மதம் இல்லாமல் இவ ஒரு வீட்டை விக்கவும் ஏலாது, ஈடு வைக்கவும் ஏலாது. இவவின்ர சீதன வீட்டை வித்துத்தானே இந்தப் பிளாட்டை வாங்கினது. அதுக்கும் நான்தான் சைன் வைச்சனான்."

அவர் சொன்ன சட்டம் சரி. யாழ்ப்பாணத்துத் தேசவழமை அப்படித்தான். ஆனால் சரியான சட்டத்தைப் பிழையான வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"அது மனுசியின்ர சொந்தச் சொத்துக்கு" என்றேன். "இது மகளின்ர வீடு. மகள் கலியாணம் கட்டேல்ல. அம்மா இதில மகளின்ர ஆள் மட்டும்தான். விக்கிறதெண்டாலும், விக்காமல் விடுறதெண்டாலும் அம்மாவின்ர ஒரு சைன் போதும்."

ரொஷான் தன் கடையில் ஆளில்லை என்று சிங்களத்தில் முணுமுணுத்தான். யதுஷா கையெழுத்து வைத்தாள், சாட்சிகள் வைத்தார்கள். கடைசியில், அதிகாரம் வாங்குகிற அற்றோர்னியின் மாதிரிக் கையெழுத்து. கனகேஸ்வரி நிதானமாகப் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும், யோசிக்காமல், தாளைக் கணவன் பக்கம் திருப்பிப் பேனையையும் நீட்டினார்.

தியாகராசாவும் யோசிக்காமல் வாங்கினார். பேனையோடு தாளின் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மற்றப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"நான் எங்க வைக்கிறது?"

"உங்களுக்கு இதில இடம் இல்ல" என்றேன். இவ்வளவு மெதுவாக நான் யாருக்கும் சட்டம் சொன்னதில்லை.

அவர் பேனையை மேசையில் வைத்தார். கனகேஸ்வரி தாளைத் தன் பக்கம் எடுத்து, தான் எழுதிய பெயரை ஒருமுறை வாசித்தார்.

"அப்ப அந்த வத்தளை ஆளுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று தியாகராசா மனைவியைத்தான் கேட்டார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

கனகேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எனக்கு வகுப்பு இருக்கெண்டு சொல்லுங்கோ."