கபுரேவிடம் கேட்ட நிலம்

என் கணவர் பவுரோ பதினான்கு வருடம் வாத்தியாராக இருந்தார். பிறகு எட்டு வருடம் எங்கள் தீவின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் போய் ஒன்பது மாதமாகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் அங்கே இருந்தேன்.

எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு வயதானதும் படிக்கத் தலைநகர் தராவாவுக்குப் போவார்கள். பாதிப் பேர் திரும்புவதில்லை. தீவிலேயே உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பவுரோ எட்டு வருடமும் அலைந்தார். கடைசியில் அரசாங்கம் ஒரு பள்ளிக்குச் சம்மதித்தது. எங்களுக்கா, பக்கத்துத் தீவுக்கா என்பது மட்டும் பாக்கி. கல்வி அதிகாரி படகில் வந்து இறங்கினார். நல்ல தண்ணீருள்ள நிலத்துக்கு இன்றே கையெழுத்து வேண்டும், கடல் வற்றிப் படகு தரைதட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்றார்.

அப்படிப்பட்ட நிலம் கபுரே ஒருவரிடம்தான் இருந்தது. இரண்டு தேர்தலில் பவுரோவிடம் தோற்றவர் அவர். அடுத்த மாதம் மூன்றாவது. ஆனால் பவுரோவுக்கு அம்மா வழியில் அண்ணன் முறை. உறவுக்காரன் எதிரில் வந்து உட்கார்ந்து புபுசி என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் பேரப்பிள்ளைகள் வரைக்கும் தலைகுனிவு.

ஊர் கூடும் மனெயாபாவில் பாய்க்குப் பாய் ஆள். பவுரோ எங்கள் குடும்பத்து இடத்திலிருந்து எழுந்துபோய் கபுரே முன்னால் உட்கார்ந்தார்.

“அண்ணே, புபுசியா கேக்குறேன். கிழக்கு நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க.”

ஓட்டுக் கேட்கும்போதுகூட இவ்வளவு பணிவைக் காணோமே என்று என் நாத்தனார் முணுமுணுக்க, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கபுரே புகையிலையைச் சாவகாசமாகச் சுருட்டி முடித்தார்.

“எடுத்துக்கோ” என்றார்.

கூரை அதிரக் கைதட்டினார்கள். அதிகாரி காகிதத்தை விரித்தார். பவுரோ எழப் போனார்.

“உக்காருடா தம்பி. நீ மட்டுந்தான் சொந்தக்காரனா? இப்ப நான் கேக்குறேன். அடுத்த மாசம் நீ தேர்தல்ல நிக்கக் கூடாது.”

கேட்டவனிடம் திருப்பிக் கேட்கலாம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பன்றியோ வலையோ கேட்பார் என்றுதான் நினைத்திருந்தோம். பவுரோவின் காது சிவந்தது. இன்னும் ஒரு தவணை கிடைத்தால் நோயாளிகளுக்கு ஒரு படகு வாங்கிவிடலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றுதான் மனசுக்குள் கத்தினேன்.

“அவ்வளவுதானா அண்ணே? கையெழுத்துப் போடுங்க, தண்ணி வத்துது” என்றார்.

அதன்பின் ஒரே ஓட்டம். கிழவர்கள்கூட ஓடினார்கள். காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி அதிகாரி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க, பவுரோ அவரைத் தோள்கொடுத்துப் படகில் ஏற்றினார். அடிமரம் மணலை உரசிக்கொண்டு படகு நகர்ந்தபோது கரை முழுக்கக் கூச்சல்.

சொட்டச் சொட்ட வந்தவரிடம், இனிமேல் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன்.

“புதுப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேணுமில்ல? மனு போடுறேன்” என்றார். “ஆனா மெம்பர் கையெழுத்து வேணும். அதுக்கும் கபுரே அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும்.”

நடுவழியில் நின்று சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.