கால்வாயில் வந்த தண்ணீர்

ஏரியின் நடுவே நிற்கும் முள்மரங்களின் அடியில் தரை தெரிய ஆரம்பித்த அன்று காலையில்தான் முதல் நாய் வந்தது. சேற்றில் கால் புதையப் புதைய நடந்துபோய், மரத்தடியில் விழுந்து கிடந்த கூழைக்கடாக் குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்த வழியே திரும்பியது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. கரையில் நின்றிருந்த டாக்டர் கத்தினாள். கல்லை எடுத்து வீசினாள். கல் பாதி தூரம்கூடப் போகவில்லை.

அந்தப் பறவைகள் சரணாலயத்துக்கு அவள்தான் கால்நடை மருத்துவர். நுழைவுச்சீட்டு கொடுக்கிற பழைய அறையைச் சிகிச்சை அறையாக மாற்றி வைத்திருந்தாள். துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள், காய்கறிக் கடைத் தராசு, கொடியில் உலரும் துண்டுகள், எத்தனை கழுவினாலும் போகாத மீன் வாடை. சீட்டு நீட்டும் சின்ன ஜன்னல் இன்னும் அப்படியே இருந்ததால், நாரைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கையை உள்ளே விட்டு, "ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை" என்பார்கள். "குழந்தைக்கு எங்க அடிபட்டிருக்கு?" என்று கேட்டு அனுப்புவாள்.

கூழைக்கடாக்களும் நாரைகளும் தண்ணீருக்கு நடுவில் கூடு கட்டுவது, கீழே தண்ணீர் காவல் இருக்கிறது என்ற தைரியத்தில். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நாய்கள் மரத்தடி வரை வரத் தொடங்கியதும் பெரிய பறவைகளிடம் ஒரு கலக்கம் தெரிந்தது. கூட்டைவிட்டு எழும்பும், வட்டமிடும், இறங்காமலே தூரத்தில் போய் உட்காரும். குஞ்சுகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் கிடக்கும்.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா கூட்டோட விட்டுட்டுக் கிளம்பிடும் டாக்டரம்மா," என்றான் படகோட்டி. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் அவனை எல்லோரும் வாத்து என்பார்கள். அவனும் அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்புவான். "என் படகையே பாருங்க. தரையில உக்காந்து முட்டை போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

மேட்டில் இருந்த பெரிய அணையின் மதகுகள் அண்ணனின் பொறுப்பில் இருந்தன. அவருக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, கல்லூரிக்கு மூட்டை கட்டி அனுப்பியது எல்லாம் அண்ணனும் அண்ணியும்தான். அவள் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். ஒருமுறை சரணாலயத்துக்கு வந்த பெரிய அதிகாரிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டு, அவர்கள் திரும்பிப் பார்க்க, அவள் முகம் சிவந்து போனது உண்டு.

அண்ணன் வாசல் அறையில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் உட்காராமலே சொல்லி முடித்தாள்.

"கால்வாய் ஒண்ணு இருக்கேண்ணா. அணையிலேருந்து நேரா ஏரிக்கு. அதுல கொஞ்சம் திறந்துவிட்டா போதும்."

"கால்வாய் இருக்கு. தண்ணி போய்த்தான் பல வருஷமாச்சு. ஊருக்குத் தண்ணி கொண்டுபோகக் குழாய் போட்டதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரு எட்டிப் பாத்தா? வழியில அத்தனை பட்டறை, அத்தனை வீடு. எல்லாக் கழிவும் அதுலதான் வந்து விழுது. முதல்ல அதைத் தூர்வாரணும் பாப்பா. மேல எழுதிக் கேக்கணும்."

"எழுதிக் கேட்டு வர்றதுக்குள்ள ஒரு குஞ்சு மிஞ்சாது."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். "சரி, கேக்காமலே திறக்கிறேன்னு வை. அப்பவும் முதல் தண்ணியை ஏரிக்கு விடக்கூடாது. பாதி வழியில ஒரு திருப்பம் இருக்கு, அங்க தரிசு நிலத்துக்குத் திருப்பி விட்டுடணும். கால்வாய் கழுவி, தண்ணி தெளிஞ்சு வந்தப்புறம்தான் உன் பக்கம்."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"மூணு நாள் ஆகும். நாலும் ஆகலாம்."

"அதுக்குள்ள எல்லாம் பறந்துடும்ணா. காலையில என் கண்ணு முன்னால நாய் தூக்கிட்டுப் போகுது. நான் கரையில நின்னு கல் எறிஞ்சுட்டிருக்கேன்." அழுகையோடே தொடர்ந்தாள். "உங்களுக்கும் அணையில இருக்கிற தண்ணியை ஒரு சொட்டு வீணாக்க முடியாதுல்ல? தரிசுக்கு எதுக்கு விடணும்? நேரா விடுங்க. சேறு கலந்து வந்தா வரட்டும், ஏரியே சேறுதானே."

உள்ளிருந்து வந்த அண்ணி கதவருகே நின்றாள். அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை ஒதுக்கிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

தண்ணீர் மறுநாள் மதியம் வந்தது. முதலில் கால்வாய் வாயில் காய்ந்த சருகுகள் அசைந்தன. பிறகு நுரையைத் தள்ளிக்கொண்டு ஒரு கறுத்த நாக்கு போல் ஏரிக்குள் இறங்கியது. டீத்தண்ணீர் நிறம். அவள் குனிந்து கையில் அள்ளி மோந்து பார்த்தாள். அழுகிய முட்டை வாடை லேசாக அடித்தது. ரொம்ப நாள் கிடந்த சேறு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையைப் புடவையில் துடைத்தாள்.

சாயங்காலத்துக்குள் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நாய்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கலைந்தன. தூரத்தில் போய் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கூட்டில் இறங்கின. வாத்தின் படகு மிதந்தது. அவன் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "கேக்குதாண்ணா?" என்று போனைப் பறவைகள் பக்கம் நீட்டினாள்.

இரண்டு நாள் கழித்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பறவைகளுக்குக் கொண்டாட்டம். முங்கித் தேட வேண்டியதில்லை, அள்ளி விழுங்கினால் போதும். குஞ்சுகளின் வயிறு புடைத்தது. அவளும் பைனாகுலரில் பார்த்துப் பூரித்துப் போனாள். மீன் ஏன் மேலே வருகிறது என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அன்று ஒரு நாள் தள்ளிப் போட்டாள்.

மறுநாள் ஏரி முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கால்வாயில் வருடக்கணக்காகச் சேர்ந்த கழிவு, தண்ணீரில் இருந்த பிராணவாயுவை முழுவதும் தின்றுவிட்டது. செத்த மீன் வெயிலில் அழுக, அழுகலில் விஷம் ஊறியது. அந்த விஷத்தைப் பற்றி அவள் படித்திருக்கிறாள். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறாள். பறவையின் கால் முதலில் துவளும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும்.

முதலில் விழுந்தது ஒரு நீர்க்காகம். கரையோரம் உட்கார்ந்திருந்தது, அவள் கிட்டே போனபோது கண்ணைச் சிமிட்டியது, எழும்பவில்லை. மத்தியானத்துக்குள் வாத்து படகு நிறைய விழுந்த பறவைகளைக் கொண்டுவந்தான். பல பறவைகள் விஷத்தால் சாகவில்லை. கழுத்தைத் தூக்க முடியாமல் முகம் குப்புற விழுந்து, உள்ளங்கை ஆழத் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்தன.

சிகிச்சை அறை நிரம்பி, பார்வையாளர்கள் உட்காரும் கூடம் நிரம்பி, வராந்தாவும் நிரம்பியது. துண்டுகளைச் சுருட்டி ஒவ்வொரு பறவையின் தலைக்கும் முட்டுக் கொடுத்தாள். மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் இறக்கி நல்ல தண்ணீர் செலுத்தினாள். துண்டு தீர்ந்ததும் தன் புடவைகளைக் கிழித்தாள். விஷமுறிவு மருந்துக்கு மாற்றி மாற்றிப் போன் செய்தாள். இருக்கிறது என்று சொன்ன இடமும் தூரத்தில் இருந்தது, மனிதர்களுக்கே போதாது என்றும் சொன்னார்கள்.

கூடுகளுக்கு ஏற முடியவில்லை. தாய் விழுந்த கூடுகளில் குஞ்சுகள் கத்தும் சத்தம் முதலில் காது கிழிய இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு காலையில் அவள் வெளியே வந்தபோது சத்தமே இல்லை.

செத்தவற்றை அப்படியே விடவும் முடியாது. அவற்றில் நெளியும் புழுவிலும் அதே விஷம், அதைத் தின்ன வரும் பறவையும் விழும். வாத்தும் இன்னும் சிலரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளி அள்ளிக் கரையில் போட்டு எரித்தார்கள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வாத்து அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு முறை, "இது குஞ்சா பெரிசா டாக்டரம்மா?" என்று எதையோ தூக்கிக் காட்டினான். அவளுக்கும் தெரியவில்லை.

அண்ணன் வந்தார். வராந்தாவில் வரிசையாகக் கிடந்த தலைகளைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாரையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தார். அது அவர் கையிலேயே போனது. கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

"நீங்க சொன்னீங்க," என்றாள் அவள். "தரிசுக்குத் திருப்பணும்னு சொன்னீங்க."

"சொன்னேன். மதகு சாவி யார் கையில இருந்துச்சு?"

"நான்தானே அழுதேன்."

"அழுதா திறந்துடறதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அடுத்ததை எடு பாப்பா."

விசாரணை வந்தது. அனுமதி இல்லாமல் மதகைத் திறந்தது யார் என்று கேட்டபோது அண்ணன், தானாகவே திறந்ததாகச் சொல்லிவிட்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, வறட்சியைப் பார்த்துத் தோன்றியது, திறந்தேன் என்றார். அது தெரிந்ததும் டாக்டர் விசாரணை அதிகாரியின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் வற்புறுத்தியதையும், முதல் தண்ணீரை நேராக விடச் சொன்னதையும், மோந்து பார்த்த வாடையையும்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அவள் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க அண்ணன் மேல பாசத்துல சொல்றீங்க, புரியுது. அப்படியே உண்மைன்னு வச்சுக்கிட்டாலும், மதகு விஷயத்துல உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லையேம்மா. யாரு வேணா எது வேணா கேக்கலாம். திறந்தவர்தான் பொறுப்பு. நீங்க போய் மிச்சம் இருக்கிறதைப் பாருங்க."

மிச்சம் இருந்தவை கொஞ்சம்தான். கழுத்து நிமிர்ந்தவை பறந்து போயின, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அணைக்குப் பக்கத்தில் இருந்த வீடு வேலைக்கான வீடு, அதைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவள் உதவிக்குப் போனபோது அண்ணி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தாள். அண்ணி அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"உனக்கு எதுவும் செய்ய வேணாம்னு உங்க அண்ணன்கிட்ட நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி."

"நீ கேட்டா உங்க அண்ணனுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாது. சின்ன வயசுலேருந்து அப்படித்தான். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரிஞ்சுதான வந்து நின்ன?"

அண்ணி அடுத்த பாத்திரத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். அதன்பிறகு அண்ணி அவளோடு பேசவில்லை. போன் செய்தால் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள்.

அடுத்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி கரை தளும்ப நிறைந்தது. நல்ல தண்ணீர், மரங்களின் இடுப்பு வரை. பறவைகள் வரும் மாதம் வந்தது. போனது. வாத்து கொஞ்ச நாள் படகைக் கழுவிக் கழுவி வைத்தான். பிறகு நகரத்தில் பள்ளி வேன் ஓட்டப் போய்விட்டான். பார்வையாளர்களும் வருவது நின்றது. அவள் தினமும் அறையைத் திறந்து, தொட்டிகளைத் துடைத்து, மூடினாள். வேறு இடத்துக்கு மாற்றல் கேட்கலாம் என்று சொன்னார்கள். கேட்கவில்லை. போகவும் பிடிக்கவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அண்ணன் போனில் வேறெதுவும் கேட்பதில்லை. "ஏதாவது வந்திருக்கா பாப்பா?" என்பார். "இன்னும் இல்லண்ணா" என்பாள். "வரும், வரும்" என்பார். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்கும். அவருக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாள் அவர் குரல் மிகவும் தேய்ந்திருந்தது. அவள் யோசிக்காமல், "வந்திருக்குண்ணா. கொஞ்சம்தான். கூடு கட்டுது," என்று சொல்லிவிட்டாள்.

அவர் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

தடுக்க முடியவில்லை. மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்க, கண்காணிப்புக் கோபுரத்தின் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அவள் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு படியிலும் உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள். மேலே போனதும் அவர் கையை நீட்டினார். பைனாகுலரைக் கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்தார். ஏரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்பினார். காற்றில் தண்ணீர் சுருங்கி விரிந்தது. மரங்கள் வெறுமையாக நின்றன. அவற்றின்மேல் எதுவும் அசையவில்லை. ஒரு இடத்தில் அவர் கை நின்றது.

"ஆமா," என்றார். "தெரியுது."

அவள் அவர் பார்த்த பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"ரெண்டு ஜோடி இருக்கும்போல," என்றார் அண்ணன், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

"இருக்கும்ணா."

"அண்ணிகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க," என்றாள்.