பூஜையில் வைத்த ஆர்கன்

துர்காஷ்டமி அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வலியசாலை வீட்டுக்கு வந்து பார்த்தால், என் ஆர்கனின் வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்து வைத்திருக்கிறார்கள், அது வழிந்து கட்டைகளின் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே அண்ணாவின் பட்டு வேஷ்டி. வேஷ்டிமேல் அவர் பெண் லோசனியின் பி.காம். புத்தகங்கள், பாகவதம், பஞ்சாங்கம், எதற்கென்று தெரியவில்லை, ஒரு ரயில்வே கைடு. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"மன்னி, இதை யார் பண்ணினா?"

அண்ணா பெண்டாட்டி நீலாம்பாள் கொலுப்படிக்கு முன்னால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பூஜைவைப்புன்னா புஸ்தகமும் வாத்தியமும் வைக்கண்டாமா? இது வாத்தியம்தானே."

"நாலு வருஷமா இதுக்குப் பேரு பெட்டி. இன்னிக்குத்தான் வாத்தியமாச்சாக்கும்?"

"சும்மா இரி வாலா. நல்ல நாளும் அதுவுமா."

எங்கள் ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் வாத்தியத்தையும் சரஸ்வதிக்கு முன் வைத்தால், தசமி காலையில் பூஜை எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, வாசிக்கக்கூடாது. அதில் எனக்கு வழக்கு இல்லை. போன மூன்று நவராத்திரிக்கும் இந்த ஆர்கன்மேல் மிச்சம் வந்த கொலு பொம்மைகளையும் சுண்டல் பாத்திரத்தையும் வைத்தவர்கள் இவர்கள். இந்த வருஷம் திடீரென்று பக்தி வந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி.

ஆர்கன் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை முழுக்க இதைப் பற்றித்தான். கவடியாரில் குடியிருந்த ஒரு ஜெர்மன்காரத் தம்பதி எழுபத்துநாலில் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். என்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிற ரத்னாபாய்தான் வந்து சொன்னாள். நாற்காலி மேஜை பார்க்கப் போனவள் நான். கூடத்தில் இது நின்றது. படி மாதிரி இரண்டு அடுக்குக் கட்டை, கீழே காலுக்குப் பதின்மூன்று மிதிகட்டை, புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் தனித்தனியாக வண்ண வண்ண ஸ்விட்சு. அந்த அம்மாள் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வாசித்தாள். நான் நாற்காலியை மறந்துவிட்டேன். அவர்கள் கப்பல் ஏறுவதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் விரல் வைக்கக் கற்றுக்கொண்டேன், மீதியைப் புத்தகம் பார்த்து நானே கற்றேன்.

பழசுதான். மழைக்காலத்தில் ஒரு கட்டை ஊமையாகிவிடும். சாலைக்கடைத் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டுப் பின்பலகையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைக்கக் கற்றுக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டால் ஒரு நிமிஷம் உறுமும், சூடேறின மர வாசனை வரும், அப்புறம்தான் பேசும். காலை டூட்டியில் ஏழு மணி நேரம் என் காதில் ஊரார் பேச்சு. கொல்லத்துக்கு ட்ரங்க் கால், மதுரைக்கு ட்ரங்க் கால், செத்த செய்தி, பிறந்த செய்தி. மத்தியானம் வீடு தூங்கும்போது ஒரு மணி நேரம் இதில் உட்காருவேன். மன்னி தூக்கம் கெடும் என்று சத்தத்தை ஒரு தம்ளர் அளவுக்குக் குறைத்துத்தான் வாசிப்பேன். இரண்டு கையும் இடது காலும் வேறு வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது எனக்கு நாற்பத்தொரு வயது என்பதும் கல்யாணமாகாதவள் என்பதும் ஞாபகத்தில் இருக்காது. அந்த ஒரு மணி நேரம்தான் என் சொத்து.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணா பெண் மீனலோசனி பின்னாலேயே வந்து நின்றாள். அழுத முகம்.

"அத்தே, நாளைக்கு ஸ்ரீவராகத்துலேர்ந்து தர்மாம்பாள் மாமி கொலு பார்க்க வரா."

புரிந்தது. மாமிக்குப் பம்பாயில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை ஒருத்தன் உண்டு. நவமியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள், ஆனால் கொலு பார்க்க வரலாம். சுண்டலைத் தின்றுகொண்டே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாம். எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். "நல்லதுதானே. அதுக்கு ஏன் அழறே?"

"நான் ஆர்கன் வாசிப்பேன்னு அப்பா அவாகிட்டச் சொல்லியிருக்கா. பொண்ணோட கூட அதையும் பம்பாய்க்கு அனுப்பறேன்னு எழுதியும் கொடுத்தாச்சு."

ஈரக் காலோடு கூடத்துக்குப் போனேன். அண்ணா அனந்தபத்மநாபன் ஊஞ்சலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். செக்ரட்டேரியட்டில் இருப்பவர், பைல் நகர்த்துகிற மாதிரியே பேசுவார்.

"கொறச்சு மெதுவாப் பேசு வாலா. நல்ல வரன். பேங்க்ல உத்தியோகம். அவாளுக்குச் சங்கீதம் தெரிஞ்ச பொண்ணு வேணும்னாக்கும் ஆசை. நான் வெறுதே ஒரு வார்த்தை சொல்லிவச்சேன்."

"வாசிச்சுக் காட்டுன்னு கேட்டா?"

"அதுக்குத்தானே நவமிக்கு வரச்சொன்னது." அவர் முகத்தில் ஒரு திருப்தி. "பூஜையில இருக்கு, தொடப்படாது. யார் கேப்பா?"

பொய் சொல்லத் தைரியம் இல்லாமல் சரஸ்வதியைச் சாட்சிக்கு உட்கார வைத்திருக்கிறார் இந்த மனுஷர்.

"கல்யாணத்துக்கு அப்புறம் கேப்பாளே."

"அப்புறம் குழந்தை குட்டின்னு ஆயிடும். யாரு கேக்கப்போறா?"

"சரி. என் ஆர்கனை என்கிட்டக் கேக்காம எப்படி எழுதிக்கொடுத்தேள்?"

"நம்ம ஆத்துப் பெட்டிதானே."

"என் பெட்டி."

அண்ணா பேப்பரை மடித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "உனக்கெதுக்குடி அது? நீ யாருக்கு வாசிச்சுக் காட்டப்போறே?"

அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று விடிய விடிய யோசித்தேன்.

மறுநாள் காலை டூட்டியில் ரத்னாபாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நாகர்கோவில்காரி, கிறிஸ்தவள், புருஷன் போன பிறகு தைக்காட்டில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு ட்ரங்க் காலுக்கு நடுவில் சொன்னாள்: "அவரு கெடக்காரு. எங்க வீட்டு மாடி ரூமு சும்மாத்தான் கெடக்கு. பெட்டியத் தூக்கிட்டு நீ வந்திரு மக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்த தெருவை விட்டு வேதக்கார வீட்டு மாடிக்கு நான் போவதாவது என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் தர்மாம்பாள் மாமி கொலுவுக்கு முன் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடவே அவள் ஓர்ப்படி. லோசனி புதுப் பாவாடை தாவணியில் சுவரோடு சுவராக நின்றாள். அண்ணா என் பக்கம் தலை தூக்கிப் பார்த்து, "என் தங்கை. டெலிபோன்ல இருக்கா," என்றார். மாமி தலையசைத்துவிட்டு ஆர்கன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பூஜையில வச்சுட்டேளே, இல்லேன்னா லோசனியை ஒண்ணு வாசிக்கச் சொல்லியிருப்பேன்," என்றாள்.

"அதான் எனக்கும் வருத்தம்," என்றார் அண்ணா. "நாளைக்குப் பூஜை எடுத்தாத்தான் தொடமுடியும்."

"பரவால்லை. ஆனா இவ்வளவு பெரிசா இருக்கே. பிள்ளையோட பிளாட் ரொம்பச் சின்னது கேட்டேளா." மாமி எழுந்து வந்து மேல்பலகையை உள்ளங்கையால் தட்டினாள். "பலமாத்தான் இருக்கு. மேல டீவியை வச்சுண்டாப் போச்சு. இடமும் அடைக்காது."

"தாராளமா வைக்கலாம்," என்றார் அண்ணா.

நான் கைப்பையைக் கீழே வைத்தேன். முதலில் ரயில்வே கைடை எடுத்தேன். பிறகு பாகவதம், பஞ்சாங்கம், பி.காம். புத்தகங்கள். எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒழுங்காக அடுக்கினேன். பட்டு வேஷ்டியை மடித்து அண்ணாவின் மடியில் வைத்தேன்.

"வாலா, என்ன பண்றே? பூஜையில வச்சது," என்று மன்னி ஓடிவந்தாள். "சரஸ்வதி கோபிச்சுக்குவா."

"அவ கையில வீணை இருக்கு மன்னி. அவ மட்டும் வாசிக்கலாமா?"

முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தேன். காய்ந்து பொருக்காகியிருந்தது. ஸ்விட்சைப் போட்டேன், உறுமியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, சத்தத்துக்கான கால்பலகையை முதல்முறையாக அடிவரை மிதித்தேன்.

ஜெர்மன்காரி சொல்லிக்கொடுத்த ஒரு நடனத் துண்டு, மூன்று தட்டு மூன்று தட்டாகச் சுழன்று போகும். கொலுவில் செட்டியார் பொம்மை தலை ஆட ஆரம்பித்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இத்தனை நாள் எனக்குள் இவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. கோபத்தில் வாசித்தேன், ஆனாலும் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. முடித்துக் கையை எடுத்த பிறகும் ஒரு கட்டை மட்டும் கூவிக்கொண்டே இருந்தது. சந்தனம் இடுக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. நகத்தால் நெம்பி எடுக்கவேண்டியிருந்தது.

மாமி சொன்னாள்: "நன்னா வாசிக்கறேளே. கல்யாணத்துக்குள்ள லோசனிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துடுங்கோ."

"இது என்னோடதாக்கும் மாமி. பம்பாய்க்கு வராது."

மாமி அண்ணாவைப் பார்த்தாள். அண்ணா சிரித்தார். "அவ பேச்சை எடுத்துக்காதீங்கோ. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகாம இருந்துட்டா அல்லே, சமயத்துல இப்படித்தான்."

சுவரோரத்திலிருந்து லோசனி பேசினாள். "அத்தையோடதுதான் மாமி. எனக்கு அதுல ஒரு கட்டைகூடத் தெரியாது. அப்பா சொன்னது பொய்."

மாமி தாம்பூலத்தை வாங்கிக்கொண்டாள், சுண்டலையும் வாங்கிக்கொண்டாள். லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். லெட்டர் வராது என்பது வாசல் தாண்டும்போது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மன்னி அழுதாள். என்னால் அவள் பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்றாள். நான் லோசனியிடம் போனேன். "உனக்காகவும்தான் பண்ணினேன்," என்றேன்.

"பொய் சொல்லாதே அத்தே. உனக்காகப் பண்ணினே. அந்தப் பையன் போட்டோவை எனக்குப் பிடிச்சிருந்தது. எனக்கு அப்பா மேலயும் கோபம், உன் மேலயும் கோபம்."

அவள் சொன்னது நியாயம். எனக்கு வலித்தது, ஆனால் செய்ததற்கு வருத்தம் வரவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தது, நான் என்ன செய்ய.

விளக்கேற்றிய பிறகு அண்ணா ஊஞ்சலிலிருந்தே தீர்ப்பு சொன்னார். "நாளைக்குப் பூஜை எடுத்ததும் அந்தச் சனியனை வித்துடணும். அது இருக்கற வரைக்கும் இந்த ஆத்துல நிம்மதி இல்லை. நானே ஆளைப் பார்த்து வச்சிருக்கேன்."

பார்த்து வைத்திருக்கிறார். இவ்வளவு நடந்த பிறகும் என்னிடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

விஜயதசமி காலை. அண்ணா பூஜை எடுத்துக் கற்பூரம் காட்டினார். தெருவில் குழந்தைகள் முதலெழுத்தைச் சொல்லிச் சொல்லி அரிசியில் எழுதுகிற சத்தம் கேட்டது. நான் அதற்கு முன்பே சாலைக்கடைத் தெருவுக்குப் போய் நான்கு சுமட்டுக்காரர்களையும் ஒரு கைவண்டியையும் கூட்டி வந்துவிட்டேன். என் துணிப்பெட்டி முதலில் வண்டி ஏறியது. அதைப் பார்த்ததும்தான் அண்ணா ஊஞ்சலை விட்டு எழுந்தார்.

"எங்கே போறே?"

"தைக்காட்டுக்கு. ரத்னாபாய் வீட்டு மாடிக்கு. விடிகாலையிலயே போய்ச் சொல்லியாச்சு."

"தெருவுல என்ன பறைவா?"

"என்ன வேணா பறையட்டும்."

நான்கு பேரும் ஆர்கனைத் தூக்கி நடை தாண்டினார்கள். மன்னி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். லோசனி வந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தாள்.

அண்ணா வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "வாலா, பெட்டி வேணும்னா இங்கேயே இருக்கட்டும். யாருக்கும் கொடுக்கலை, விக்கவும் இல்லை. நீயும் உன் சம்பளமும் போயிட்டா இந்த ஆத்துல அரிசி பருப்பு யாரு வாங்குவா, கரண்டு பில் யாரு கட்டுவா?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். தங்கை எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள் என்று கேட்பார் என்று ஒரு வினாடி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் காத்திருந்தேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டியை எடுங்கோ," என்று சுமட்டுக்காரர்களிடம் சொன்னேன்.