அரைச் சுற்று

“அக்கா, இந்த ஓவன்ல ஏதாவது குறை இருக்கா? இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம் நான் எதையாவது கருக்கிட்டு முழிச்சிட்டு நிக்கக் கூடாது.”

“குறையா? இதுலயா? தங்கமான ஓவன். கண்ண மூடிக்கிட்டு உள்ள வெச்சு எடுக்கலாம்.”

நான்கு வருடங்களுக்கு முன்னால், சின்னவள் இந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்த மறுவாரம், இதே சமையலறையில் நடந்த பேச்சு இது. அப்படி ஒரு பொய்யை வாய் கூசாமல் சொன்னது பெரியவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தங்கமான ஓவன் இடது பக்கம் மட்டும் எரிமலை. மூடப்போகிற ஒரு பேக்கரியிலிருந்து, கல்யாணமான புதிதில், அடம்பிடித்து வாங்கிக்கொண்டு வந்தாள். “சமையலறையில இனிமே நீ நிப்பியா, அது நிக்குமா?” என்றான் கணவன். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, “எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆனது போல இருக்கேம்மா” என்றார். இவ்வளவு பேச்சுக்குப் பிறகு முதல் கேக்கே ஒரு பக்கம் கருகி வந்தால், யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? கருகினதைச் சுரண்டி, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி, “இது ஒரு மாடல்” என்று பரிமாறிவிட்டாள். இப்படி நாலைந்து கேக் கருகின பிறகு வழியும் கண்டுபிடித்தாள். நேரம் பாதி ஆனதும், யாரும் பார்க்காதபோது கதவைத் திறந்து, டின்னை அரைச் சுற்று திருப்பி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் எழும்பி வரும்.

அவள் பிழைப்பும் அப்படித்தான் அமைந்திருந்தது. கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை. பயந்துபோய் வருகிறவர்களிடம் “ஒண்ணும் இல்ல, அஞ்சே நிமிஷம்” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி, தனக்கு ஏதாவது என்றாலும் அதே வார்த்தைதான் முதலில் வாயில் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னாலும் அதுதான் வந்தது. அலமாரிகளை வைத்துத் தடுத்த பாதிக் கூடத்தில்தான் சின்னவளும் அவள் கணவனும் நான்கு வருடமாகக் குடியிருந்தார்கள். கொழுந்தனின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைக்கிறதாம். இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். துணி மடித்துக்கொண்டே சின்னவள் கேட்டாள்: “போகட்டுமாக்கா?”

‘போகாதே’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வெளியே வந்தது வேறு. “தாராளமா போங்க. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருந்தாத்தான் நல்லது.”

சின்னவள் தலையாட்டிவிட்டு மடித்த துண்டையே மறுபடி உதறி மடித்தாள். அன்றோடு பேச்சு முடிந்துபோயிற்று. வருகிற திங்கட்கிழமை அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இன்று சனிக்கிழமை. பெரியவளின் மகளுக்கு ஏழு வயது முடிகிற நாள். இந்த வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். மற்றப் பிள்ளைகள் கோட்டை, ரயில் வடிவத்தில் கேக் கேட்கும்போது இவள் கேட்டது வாஷிங் மெஷின். துணி சுற்றுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். “கதவு கண்ணாடியா இருக்கணும். உள்ள துணி தெரியணும். அப்புறம்தான் கேக்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதற்காக இருவருமே லீவு போட்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் ஒரே கேக்குக்காக இரண்டு பேரும் ஓவன் முன்னால் சேர்ந்து நிற்பது இதுதான் முதல் தடவை. பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வாள். அப்போது சின்னவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓவிய நோட்டுகளோடு கூடத்தில் இருப்பாள். டிராயிங் டீச்சர் அவள். தனக்கு வேண்டியதை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பெரியவள் வேலையிலிருந்து திரும்புவதற்குள் செய்துகொள்வாள். அவள் செய்வதும் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில்தான் வரும். அது எப்படி என்று பெரியவள் கேட்டதில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

காலை ஒன்பது மணிக்கு முதல் மாவு உள்ளே போனது. ஆறு முட்டை, சதுர டின், நாற்பது நிமிடம். ஓவனின் உள்விளக்கு எப்போதோ செத்துவிட்டதால் உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. ஆனாலும் வாண்டு ஒரு முக்காலியைப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

பெரியவள் சர்க்கரையைக் காய்ச்சினாள். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் ‘டொக்’கென்று கல்லாக வேண்டும். அந்தப் பதத்தில் எண்ணெய் தடவிய தட்டில் ஒரு வளையத்தை வைத்து அதற்குள் ஊற்றினாள். மெஷினின் கண்ணாடிக் கதவு. சின்னவள் மேசையில் சர்க்கரை மாவைத் தேய்த்து, சுண்டுவிரல் நீளத்துக்குத் துணிகள் செய்துகொண்டிருந்தாள். ஒரு சட்டை, ஒரு பாவாடை, ஒரு துண்டு, ஒற்றைக் கால் சாக்ஸ்.

“ஏன் சித்தி ஒரு சாக்ஸ்தான் இருக்கு?”

“உங்க தாத்தாவோடது. இன்னொண்ணு எப்பவும் போல காணோம்.”

“அதைக் கண்டுபிடிச்சிட்டுத்தான் நான் சாவேன்” என்று கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது.

இருபதாவது நிமிடம். பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “மொட்டை மாடியில துணி காயுதே, மழை வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?”

“இதோக்கா.”

அவள் படியேறிய சத்தம் கேட்டதும், பெரியவள் பூனை மாதிரி ஓவனைத் திறந்து, டின்னை அரைச் சுற்று திருப்பி மூடினாள். துணிகளைக் கொண்டுவந்து போட்ட சின்னவளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அக்கா, மாமா உங்களக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?”

பெரியவள் கூடத்துக்குப் போனாள். “கூப்பிட்டீங்களா மாமா?”

“நானா? இல்லையே. ஆனா வந்தது வந்துட்ட, ஒரு டீ கிடைச்சா வேணாங்க மாட்டேன்.”

மணி அடித்துக் கதவைத் திறந்தபோது இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. இடது பக்கம் கன்னங்கரேல். வலது பக்கம் வெளுத்துப்போய், குழிந்து கிடந்தது.

‘திருப்பினேனே!’ என்று பெரியவளுக்கு உள்ளுக்குள் பதறியது. ஓவன் இன்னும் மோசமாகிவிட்டதா? இன்றைக்குத்தானா? சின்னவளும் கேக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாவு... சரியாக் கலக்கல போல” என்றாள் பெரியவள்.

“ஆமாக்கா. மாவுதான்” என்றாள் சின்னவள், அவளைவிட வேகமாக.

மாமனார் கருகின மூலையைப் பெயர்த்து டீயில் தோய்த்தார். “நல்லாத்தான் இருக்கு. கரி பல்லுக்கும் நல்லது.”

இரண்டாவது மாவு போனது. இந்த முறை பெரியவள் முந்திக்கொண்டாள். பதினெட்டாவது நிமிடத்தில் வாசல் மணி அடித்தது போல இருக்கிறது என்று சின்னவளை அனுப்பிவிட்டுத் திருப்பினாள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது, அலமாரி உச்சியில் இருக்கிறது, தனக்கு எட்டாது என்றாள் சின்னவள். பெரியவள் நாற்காலி போட்டு ஏறித் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்தார்கள். அதே கரி. அதே பக்கம்.

பெரியவளுக்கு அழுகை முட்டியது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். கூடையில் மிச்சம் இருப்பது ஆறே முட்டை. இந்த வீட்டில் சின்னவளோடு சேர்ந்து செய்கிற முதல் கேக்கும் கடைசிக் கேக்கும் இதுதான் என்று நினைத்திருந்தாளே, அதுவா இப்படி ஆக வேண்டும்?

“பாழாப்போன மாவு” என்றாள்.

“மாவு இல்லம்மா” என்றாள் முக்காலியில் இருந்த வாண்டு. “நீங்க ரெண்டு பேரும்தான்.”

“என்னடி உளர்ற?”

“நீ திருப்புன. அப்புறம் சித்தி வந்து திருப்புனாங்க. முதல்லயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்? மெஷின் இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து சுத்துமில்ல, அந்த மாதிரின்னு நினைச்சேன்.”

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அசல் திருட்டு முழி முழித்தாள். தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

“நீ... எத்தனை நாளாத் திருப்பற?”

“வந்த மாசத்துலேர்ந்து. முதல் கேக்கு கருகினதுமே தெரிஞ்சுபோச்சுக்கா. அதை ஒரு பையில கட்டி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய் அங்க குப்பையில போட்டேன்.”

“நாலு வருஷமாவா? ஏண்டி என்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ‘தங்கமான ஓவன்’னு அப்படி ஒரு பெருமையாச் சொன்னீங்க. நீங்க ஆசையா வெச்சிருக்கறதப் போய் ஓட்டைன்னு சொல்ல மனசு வரல.”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று பார்க்க வந்த மாமனார், விஷயத்தைக் கேட்டு, “எனக்கு அது இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னிக்கே தெரியும். இடது பக்கச் சூட்டுக் கம்பி உள்பக்கமா வளைஞ்சிருக்கு. அரை மணி நேர வேலை” என்றார்.

“அப்புறம் ஏன் மாமா சரிபண்ணல?”

“கருகின பக்கம் எனக்குத்தானே வந்துக்கிட்டிருந்தது? எனக்கு அதுதான் பிடிக்கும். திடீர்னு அது வராமப் போச்சு. ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது.” சொல்லிவிட்டு இரண்டாவது கரியையும் தட்டோடு எடுத்துக்கொண்டு போனார்.

கடைசி ஆறு முட்டைகளும் உடைந்தன. சின்னவள் அடித்தாள், பெரியவள் மாவைச் சலித்துக் கொட்டினாள். டின் உள்ளே போனதும், “இந்தத் தடவை நீ மட்டும்தான் திருப்பணும். நான் பக்கத்துலயே வர மாட்டேன்” என்றாள் பெரியவள்.

“இருபது நிமிஷம் ஆகட்டும்க்கா.”

தட்டில் ஊற்றிய சர்க்கரை ஆறி, தேன் நிறத்தில் தெளிந்திருந்தது. வாண்டு அதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு துணிகள் இருந்த தட்டை எண்ண ஆரம்பித்தாள்.

“பாவாடை என்னோடது. சாக்ஸ் தாத்தா. துண்டு அப்பா. இந்தப் பூப்போட்ட சட்டை அம்மாவோடது. சித்தி, உன்னோடது எங்க? சித்தப்பாவோடது?”

சின்னவள் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள். “எங்க துணியெல்லாம் இனிமே எங்க வீட்டு மெஷின்லதானேடா துவைப்போம்.”

வாண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த நாலு துணிகளையும் தள்ளித் தள்ளி வைத்துத் தட்டை நிரப்பப் பார்த்தாள். நிரம்பவில்லை.

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

“அக்கா” என்றாள் சின்னவள், அவள் முதுகைப் பார்த்து. “வாண்டு பெருசாகுது, அவளுக்கு ஒரு இடம் வேணும், வாயவிட்டுக் கேக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நானா அந்தப் பேச்ச எடுத்தேன். ‘தாராளமா போங்க’ன்னீங்க. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.” குரலில் சிரிப்பின் மிச்சம் இருந்தது, ஆனால் முழுக்கச் சிரிப்பில்லை. “சும்மாத்தான் கேக்கறேன். அதுவும் தங்கமான ஓவன் மாதிரிதானா?”

“அதுல ஒண்ணும் இல்ல...” என்று பெரியவளின் வாய் தானாகவே தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தினாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நமக்கு நேர் கீழ, முதல் மாடியில வாட்ச் ரிப்பேர்க்காரர் இருக்காரே, அவர் மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றார்.”

“யார் சொன்னா?”

“அவரேதான், படியில வெச்சு. பதினாறு நாளாச்சு. நான் சொல்ற வரைக்கும் வேற யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்கன்னு கெஞ்சிட்டேன். பாவம், என்னைப் பாத்தாலே குனிஞ்ச தலை நிமிராமப் போறார்.”

“எதுக்குக்கா?”

இருபது நிமிடத்துக்கு வைத்திருந்த மணி அடித்தது. “திருப்பு” என்றாள் பெரியவள். சின்னவள் கதவைத் திறந்தாள். அனலோடு சேர்ந்து வெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. துணியால் டின்னைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, நிதானமாக அரைச் சுற்று திருப்பி வைத்தாள். மூடினாள். மூடினவள் எழுந்திருக்காமல், அங்கேயே மண்டியிட்டபடி நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தாள்.

மருத்துவமனை மேசையில் நூறு தடவை சொல்கிற வார்த்தை எதுவும் இப்போது உதவிக்கு வரவில்லை. பெரியவள் தட்டிலிருந்து ஒரு உருண்டை சர்க்கரை மாவைப் பிய்த்து, சின்னவளின் கையில் வைத்து அழுத்தினாள்.

“திங்கட்கிழமை கையெழுத்துப் போடாத. இன்னும் ரெண்டு துணி செஞ்சு இதுல சேத்துடு” என்றாள். “கீழ் வீட்டுக்கு வந்துடுடி. உங்களுக்கு வசதின்னு சொல்லல. எனக்காகக் கேக்கறேன்.”