படகின் அடியில் தேன் நிறம்

படகின் அடியிலிருந்து கழன்று வந்த ஒட்டுப் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் பட்டறைக்காரி. துண்டு துண்டாக உடைந்திருந்தால் வருத்தத்தோடு போயிருக்கும். இது ஓரம்கூடச் சிதையாமல், பாம்பு சட்டை உரித்த மாதிரி முழுசாக வந்திருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது.

"பத்து நாள் தாங்கலையே உன் கைவேலை!" என்றாள் அவள் அண்ணி.

படகு அண்ணியுடையது. அக்கரைக்கு ஆள் ஏற்றும் பைபர் படகு. மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி சோதனைக்கு வருகிறார். உள்ளே தண்ணீர் கசிந்தால் ஆள் ஏற்ற அனுமதி கிடையாது.

"இந்தத் தடவையும் புட்டுக்கிச்சுன்னா உறவுன்னு பாக்க மாட்டேன். எதிர் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிடுவேன்."

"தாராளமா போங்க அண்ணி. ஏன் கழண்டுச்சுன்னு தெரியாம ஒட்டினா, அங்கயும் இதே கதைதான்."

பைபர் படகில் கண்ணாடி இழையை இறுக்கிப் பிடித்திருப்பது பிசின். அவளிடம் வரும் படகுகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர், அபூர்வமாக எபாக்சி. எபாக்சி எதன்மேலும் ஒட்டும். எபாக்சியின் மேல் பாலியெஸ்டரைப் பூசினாலோ, பிடித்த மாதிரி பாவனை காட்டிவிட்டுக் கைவிட்டுவிடும். அதனால் முதலில் உப்புத்தாளால் தேய்த்து, சூடு ஆறுமுன் தூளை முகர்ந்து பார்ப்பாள். பாலியெஸ்டர் என்றால் புதுப் பிளாஸ்டிக் பொம்மையைப் பிரித்தது போல ஒரு காட்டமான இனிப்பு மூக்கில் ஏறும். போன தடவை பின்பக்க விளிம்பில் தேய்த்தாள். நன்றாகவே ஏறியது.

"மூக்கடைப்பா இருந்திருக்கும்," என்றான் அண்ணன், டீயை உறிஞ்சியபடி. நாளைக்குச் சோதனையாயிற்றே என்று மனைவியோடு வந்தவன், வந்ததிலிருந்து ஸ்டூலை விட்டு எழவில்லை.

அவள் மறுபடி விளிம்பில் தேய்த்தாள். அதே வாசனை. மூக்கின்மேல் குற்றமில்லை. அப்படியென்றால்?

தேய்த்தது விளிம்பில், ஒட்டியது அடியில். அடியில் விரிசலைத் தேய்க்கும்போது தூசிக்குப் பயந்து முகமூடி போட்டிருந்தாள். ஒரு படகுக்கு ஒரு பிசின்தானே என்று, அங்கே முகரவே இல்லை.

"அட என் புத்தியே!" என்று கழுத்தில் தொங்கிய முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படகின் அடியில் புகுந்தாள். தேய்த்தாள். முகர்ந்தாள். அந்த இனிப்பு இல்லவே இல்லை. ஈரத்துணியால் துடைத்ததும் நிறம் தெரிந்தது. சுற்றிலும் மங்கிய பச்சை. நடுவில் மட்டும் தேன் நிறம். எல்லையைத் தேடித் தேடித் தேய்க்க, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. அதில் வரிவரியாகக் கோடுகள். தேனுக்குள் சிவப்பாக ஏதோ பளிச்சிட்டது.

"அண்ணி, இங்க வாங்க. இது என்னது?"

அண்ணி முட்டி போட்டு எட்டிப் பார்த்தாள். சிவப்பை நகத்தால் சுரண்டினாள்.

"இது என் சீப்போட பல்லு! ரெண்டு வருஷமா தேடிட்டு இருக்கேன்!"

வெளியே டீ உறிஞ்சும் சத்தம் நின்றது.

"நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப…" அண்ணன் இழுத்தான். "லேசா ஒரு பாறை. லேசாத்தான். ஹார்டுவேர் கடையில ரெண்டு டியூப் பசை வாங்கி, சமமா பிசைஞ்சு… தடவ வேற ஒண்ணும் கிடைக்கல."

"டியூப்ல என்ன போட்டிருந்துச்சுண்ணே?"

"எபாக்சின்னு."

"பத்து நாள் முன்னாடி இதே ஸ்டூல்ல உக்காந்து, 'இதுக்கு முன்னாடி அடி கிடி பட்டுச்சா'ன்னு நான் கேட்டேனா இல்லையா?"

"உங்க அண்ணி பக்கத்துல நின்னாளே!"

பட்டறைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பாலியெஸ்டர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள். தேன் நிறத்தைச் சுரண்டி எடுத்து, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வைத்து, நெய்த கண்ணாடித் துணியை எபாக்சியில் நனைத்து மூன்று அடுக்கு போட்டாள். தேய்க்கும் வேலை முழுக்க அண்ணன் தலையில் விழுந்தது. விடிவதற்குள் பிசின் இறுகட்டும் என்று, சூட்டுக்காக ஒரு விளக்கை அருகில் எரியவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அதிகாரி தட்டிப் பார்த்தார், படகைத் தண்ணீரில் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தார், உள்ளே கைவிட்டுத் தடவினார். விரல் காய்ந்தே வந்தது. கையெழுத்துப் போட்டார்.

அண்ணி படகில் ஏறிக்கொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உங்க அண்ணன் இன்னும் எதை எதை ஒட்டி வச்சிருக்காருன்னு கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு."