அனாபீபி தின்ற சுவர்

கீவா நகருக்கு வடக்கே, பெரிய வாய்க்கால் ஓரத்து ஊரில், மத்யாகூபின் மருமகள் அனாபீபி பதினாறு முழ நீளச் சுவர் ஒன்றை ஆறு மாதத்தில் தின்று முடித்தாள். அந்த வருஷம் பருத்தி சுமார்தான். முலாம்பழம் நன்றாக வந்திருந்தது.

அதற்கு முன் அவளுக்கு இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது தரித்தபோது வாந்தி நிற்கவில்லை. சந்தையில் விற்கும் வெள்ளைக் களிமண் கட்டியைக் கடித்தால் வயிற்றைக் கட்டும், பிள்ளையைப் பிடித்து வைக்கும் என்று மாமியார் மூன்று சந்தைகளில் வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் அனாபீபி துப்பிவிட்டாள். ஒரு பிற்பகல், முற்றத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டியவள், நகத்தில் ஒட்டிய மண்ணை நக்கினாள். வாந்தி நின்றது.

அந்தச் சுவர், வயலுக்குத் தண்ணீர் விடும் தகராறில் மத்யாகூபும் தம்பி மத்கரீமும் பத்தொன்பது வருஷத்துக்கு முன் இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவே எழுப்பியது. பிறகு இருவரும் பேசவில்லை. தாய் இறந்தபோதும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

“பாதிச் சுவர் அவனோடது. அவன் மண்ணைத் தின்னு பொறக்கிறது எனக்குப் பேரனா?” என்றார் மத்யாகூப்.

“உங்களுக்கு வீம்பு வேணுமா, பேரன் வேணுமா?” என்று கேட்டுவிட்டு, மாமியார் சுவரின் மேல்கட்டியைப் பெயர்த்து மருமகளிடம் கொடுத்தாள்.

மூன்றாம் மாதம் தாண்டியது. சுவர் தோளுக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கியது. சகோதரர்கள் ஒருவர் தலையை ஒருவர் பார்க்காமலிருக்க முற்றத்தில் குனிந்தே நடந்தார்கள். ஏழாம் மாதம், மத்கரீம் தன் மாட்டுக்கொட்டில் பக்கம் இருபுறமும் சிமெண்டு பூசிய நான்கு முழம் மட்டும் மிஞ்சியது. அனாபீபியின் பல் அதில் இறங்கவில்லை. இரண்டு நாள் வெறும் வயிறு. மூன்றாம் நாள் காலையில் வலி எடுத்து, உதிரமும் கண்டது. மத்யாகூப் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, தம்பி முற்றத்தில் கால் வைத்தார்.

“டேய், உன் பக்கத்துச் சிமெண்டைச் சொரண்டணும்.”

“நேத்தே சொரண்டிட்டேன்.” மத்கரீம் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் மூடிய மண்கூடையை நீட்டினார். “எடுத்துட்டுப் போண்ணே. இதைக் கேக்க உனக்கு இத்தனை வருஷமா?”

மத்யாகூப் கூடையை வாங்கிக்கொண்டு ஓடினார். அனாபீபி கைப்பிடி மண்ணைத் தின்றாள், தூங்கினாள். உதிரம் நின்றது.

ஒன்பது மாதம் நிறைந்து பெண் பிறந்தது. மத்யாகூப் அடுப்பங்கரையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினார். குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் நாற்பது நாளும் கலங்கலாகவே இறங்கியது. பெண்கள் அதை இரண்டு வீட்டு வெங்காயப் பாத்திக்கும் ஊற்றினார்கள். வெங்காயம் திரட்சியாக வந்தது.